ஊறுகாய் ஜாடியில் பிறந்த அதிசயம்

குழந்தைகளே! இதைப் படிக்கும் முன் உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தண்ணீர் பிடிக்கும் குடம், குளிக்கும் வாளி, அம்மா பருப்பு கொட்டி வைக்கும் டப்பா, நீங்கள் பள்ளிக்குக் கொண்டு போகும் டிபன் பாக்ஸ்... எத்தனை பொருள்கள் பிளாஸ்டிக்கில் இருக்கின்றன!

வீட்டை விட்டு வெளியே வந்தால் நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் இன்னும் பார்க்கலாம். மூட்டை கட்டும் வெள்ளைச் சாக்கு, கோழிப்பண்ணைக்கு வரும் தீவனப் பை, லாரியில் சரக்கின் மேல் போர்த்தும் தார்ப்பாய், மரவள்ளிக் காட்டில் ஓடும் சொட்டுநீர்க் குழாய். பெரும்பாலும் எல்லாம் பிளாஸ்டிக்தான்.

உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சிறுமியாக இருந்தபோது தண்ணீருக்குப் போனால் இடுப்பில் பித்தளைக் குடம் இருக்கும், இல்லாவிட்டால் மண்குடம் இருக்கும். பித்தளைக் குடம் காலியாக இருக்கும்போதே கனக்கும். மண்குடமோ, கால் தடுக்கினால் போயிற்று! கனமில்லாத, கீழே விழுந்தாலும் உடையாத குடம் என்று ஒன்று வரும் என அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்தக் குடத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் பெயர் கார்ல் சீக்லர். ஜெர்மனி நாட்டு வேதியியல் அறிஞர். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அண்ணன், அக்காவின் வேதியியல் பாடத்தில் சீக்லர் - நட்டா வினையூக்கி என்று ஒரு பெயர் வரும். அதில் வரும் சீக்லர் இவர்தான். இரண்டு உலோகங்களைக் கூட்டாளிகளாக்கி, ஒன்று தனியாகச் செய்ய முடியாத வேலையைச் செய்ய வைத்தவர். அவருடைய கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

1898ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி, ஜெர்மனியில் காசல் என்ற நகரத்துக்கு அருகே உள்ள ஹெல்சா என்ற சிற்றூரில் கார்ல் பிறந்தான். அப்பா கிறிஸ்தவப் பாதிரியார்.

சின்ன வயதில் அவன் கையில் ஓர் இயற்பியல் பாடப்புத்தகம் கிடைத்தது. நாம் பாடப்புத்தகத்தைப் பரீட்சைக்காகப் படிப்போம். கார்லோ அதைக் கதைப்புத்தகம் போலப் படித்தான். படித்ததோடு நிற்கவில்லை, வீட்டிலேயே சோதனைகள் செய்து பார்க்கத் தொடங்கினான். வகுப்பில் நடத்திய பாடத்தைத் தாண்டி எங்கெங்கோ தேடித் தேடிப் படித்தான்.

1910இல் அவர்கள் குடும்பம் மார்பர்க் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அது பல்கலைக்கழகம் இருந்த ஊர். அப்பாவுக்குப் பெரிய அறிஞர்கள் பலர் பழக்கம். தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து கண்டு, மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசை 1901இல் பெற்ற எமில் வான் பெரிங் அவர்களில் ஒருவர். இப்படிப்பட்டவர்களை அருகில் இருந்து பார்த்து வளர்ந்த பையனுக்கு அறிவியலில் ஆசை வந்ததில் வியப்பில்லை. பள்ளி இறுதி ஆண்டில் சிறந்த மாணவன் என்ற பரிசும் அவனுக்குக் கிடைத்தது.

1916இல் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஏற்கெனவே அவருக்குத் தெரிந்திருந்த பாடங்கள் அதிகம் என்பதால், முதல் இரண்டு பருவங்களைப் படிக்காமலே தாண்டிப் போக அனுமதி கிடைத்தது. இடையில் முதல் உலகப் போர். 1918இல் படிப்பை விட்டுவிட்டுப் போர்முனைக்குப் போக நேர்ந்தது. திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 1920இல் முனைவர் பட்டம் பெற்றார். 1922இல் மரியா என்பவரை மணந்தார். அவர்களுக்கு ஒரு மகள், ஒரு மகன்.

காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும்

1920களின் நடுவில் ஹைடல்பர்க் நகரப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அங்கே வேலை. அங்கே அவரைப் பிடித்துக்கொண்டது ஓர் ஆர்வம். உலோக அணுவையும் கரி அணுவையும் நேரடியாகக் கைகோக்க வைத்தால் என்ன நடக்கும்? லித்தியம் என்ற மிக லேசான உலோகத்தைக் கரியோடு சேர்க்கும் எளிய வழியை அவர் கண்டார்.

இந்தச் சேர்மங்களைக் கையாள்வது விளையாட்டல்ல. இவற்றில் பல, காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். ஒரு துளி தண்ணீர் பட்டால் வெடிக்கும். கண்ணாடிக் குழாய்களுக்குள் காற்றே இல்லாமல் செய்து, நைட்ரஜன் போன்ற அமைதியான வாயுவை நிரப்பி, அதற்குள்தான் வேலை பார்க்க வேண்டும். சீக்லர் அதில் கைதேர்ந்தவர் ஆனார். இதனால் உடனடியாக என்ன பயன் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையே அவரை நடத்திச் சென்றது. 1936இல் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஆனார்.

ஒரு நிபந்தனை

1943இல் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. ரூர் ஆற்றங்கரையில் முல்ஹைம் என்று ஒரு நகரம். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். அங்கே இருந்த நிலக்கரி ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநராக வரும்படி அழைத்தார்கள்.

பெரிய பதவி. ஆனால் சீக்லர் தயங்கினார். நிலக்கரியைப் பற்றி மட்டுமே ஆராய வேண்டும் என்றால் தமக்குப் பிடித்த உலோக வேலை நின்றுபோகுமே! எனவே ஒரு நிபந்தனை போட்டார். தாம் விரும்பும் எந்தப் பொருளையும் ஆராயத் தமக்கு முழு உரிமை வேண்டும் என்றார். நிலையத்தார் ஒத்துக்கொண்டார்கள். அந்த ஒரு நிபந்தனை மட்டும் இல்லாவிட்டால், இந்தக் கதையே இல்லை. அந்த இடத்தில் அவர் 1969 வரை இருந்தார்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போர் முடிந்து, இடிபாடுகளுக்கு நடுவே ஜெர்மனி மெல்ல எழுந்தபோது, சீக்லரும் தம் சோதனைக்கூடத்தில் மீண்டும் முழு மூச்சாக இறங்கினார்.

ஊக்குச் சங்கிலி

இப்போது ஒரு சின்ன விளக்கம். பயப்படாதீர்கள், எளிதுதான்.

எத்திலீன் என்று ஒரு வாயு உண்டு. பழுத்த வாழைப்பழம் இந்த வாயுவைச் சிறிதளவு வெளியே விடும். காயோடு பழத்தை வைத்தால் காயும் சீக்கிரம் பழுப்பது இதனால்தான். தொழிற்சாலைகளில் இதைப் பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் எடுக்கிறார்கள். ஓர் எத்திலீன் மூலக்கூறில் கரி அணு இரண்டு, ஹைட்ரஜன் அணு நான்கு.

அம்மாவின் ஊக்குகளை ஒன்றோடொன்று மாட்டிச் சங்கிலி செய்து விளையாடியிருப்பீர்கள். ஓர் ஊக்கை ஓர் எத்திலீன் மூலக்கூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான ஊக்குகளை வரிசையாக மாட்டினால் நீளமான சங்கிலி கிடைக்கும் அல்லவா? அதுபோல எத்திலீன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்தால், வாயு திடப்பொருளாகிவிடும். அதுதான் பாலித்தீன்.

பாலித்தீனை முதலில் செய்தவர் சீக்லர் அல்ல. 1933இலேயே இங்கிலாந்தில் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அது தற்செயலாகக் கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் செய்ய எத்திலீனைப் பயங்கரமாக அழுத்த வேண்டும். நாமக்கல் பட்டறைகளில் லாரி டயருக்குக் காற்று அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த டயருக்குள் இருக்கும் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. பாலித்தீன் செய்யவோ ஆயிரம் மடங்குக்கும் மேல் வேண்டும்! அதைத் தாங்கத் தடித்த எஃகுச் சுவர் கொண்ட பாத்திரங்கள் வேண்டும். செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம்.

அப்படிச் செய்த பாலித்தீன் மிருதுவாக, வளைந்து கொடுப்பதாக இருந்தது. மின்கம்பி உறைக்கு மிகவும் பயன்பட்டது. ஆனால் கெட்டியான குடம் செய்ய ஏற்றதல்ல. காரணம், அந்தச் சங்கிலிகளில் இங்கும் அங்கும் கிளைகள் முளைத்திருந்தன. கருவேல முள்ளைக் கட்டாகக் கட்டிப் பாருங்கள். உள்ளே எல்லாம் இடைவெளிதான். சோளத்தட்டைக் கட்டிப் பாருங்கள். நெருக்கமாக, இறுக்கமாக நிற்கும். கிளையில்லாத நேரான சங்கிலி கிடைத்தால் பிளாஸ்டிக்கும் அப்படி இறுக்கமாக, உறுதியாக இருக்கும்.

கெட்டுப்போன சோதனை

சீக்லர் வேறு வழியில் வந்துகொண்டிருந்தார். அலுமினியத்தையும் கரியையும் சேர்த்து ஒரு திரவம் செய்திருந்தார். எத்திலீன் வாயுவை அதோடு சேர்த்துச் சூடாக்கினால், அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டு எத்திலீன் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கோக்கும். சங்கிலி வளரும். ஆனால் சில பத்துக் கண்ணிகளுக்குள் அறுந்துவிடும். மெழுகு மாதிரிதான் கிடைக்கும். நீளச் சங்கிலி கிடைக்கவே இல்லை.

இந்த வேலையை ஹோல்ட்ஸ்காம்ப் என்ற ஆராய்ச்சி மாணவரிடம் கொடுத்திருந்தார். ஒருநாள் அவருடைய சோதனை விசித்திரமாக முடிந்தது. சங்கிலி வளரவே இல்லை. இரண்டே இரண்டு எத்திலீன்கள் சேர்ந்ததும் அறுந்து அறுந்து விழுந்திருந்தது. நீளத்தைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தது மிகக் குட்டைச் சங்கிலி!

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? சோதனை கெட்டுப்போய்விட்டது என்று கீழே கொட்டிவிட்டு, பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, புதிதாகத் தொடங்குவோம். சீக்லரும் அவர் மாணவரும் அப்படிச் செய்யவில்லை. இதே திரவம், இதே வாயு. நேற்று வரை ஒரு மாதிரி நடந்தது இன்று ஏன் வேறு மாதிரி நடந்தது என்று துருவத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பொருளையும் சோதித்தார்கள். பாத்திரத்தையும் சோதித்தார்கள்.

கடைசியில் திருடன் அகப்பட்டான். அந்த எஃகுப் பாத்திரத்தின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத அளவு நிக்கல் உலோகம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துளி நிக்கல்தான் அலுமினியத்தின் வேலைக்குள் புகுந்து சங்கிலியை வெட்டிக்கொண்டிருந்தது.

இங்கேதான் சீக்லரின் மூளை வேலை செய்தது. ஒரு துளி வேற்று உலோகம் அலுமினியத்தின் போக்கையே மாற்றிவிடுகிறது. நிக்கல் சங்கிலியை வெட்டுகிறது. அப்படியானால் சங்கிலியை வளர்க்கும் உலோகம் ஒன்றும் எங்காவது இருக்கக் கூடாதா?

ஊறுகாய் ஜாடி

தேடும் வேலை ஹைன்ஸ் பிரைல் என்ற இன்னொரு மாணவருக்கு வந்தது. ஒவ்வோர் உலோகமாக எடுத்து, அதன் சேர்மத்தை அலுமினியத் திரவத்தோடு கலந்து, எத்திலீனைச் செலுத்திப் பார்த்தார். சில உலோகங்கள் நிக்கலைப் போலவே சங்கிலியை வெட்டின. சில உலோகங்கள் ஒன்றுமே செய்யவில்லை. பொறுமையைச் சோதிக்கும் வேலை.

1953 அக்டோபர் இறுதியில் சிர்கோனியம் என்ற உலோகத்தின் முறை வந்தது. பாத்திரத்தைத் திறந்தால், உள்ளே வெள்ளை வெளேரென்று பாலித்தீன் கட்டி! நீளச் சங்கிலி கிடைத்துவிட்டது. அடுத்து, சிர்கோனியத்தின் உறவுக்கார உலோகமான டைட்டானியத்தை எடுத்தார்கள். அது இன்னும் வேகம். சூடு தாங்காமல் உள்ளே இருந்த பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி கருகும் அளவுக்கு வேகம்.

இவ்வளவு வேகமாக நடக்கும் வேலைக்கு அழுத்தமே எதற்கு? ஹைன்ஸ் மார்ட்டின் என்ற உதவியாளர் எஃகுப் பாத்திரத்தை ஒதுக்கி வைத்தார். ஜெர்மானிய வீடுகளில் பழங்களைக் கெடாமல் போட்டு வைக்கும் கண்ணாடி ஜாடி உண்டு. நம் வீட்டு ஊறுகாய் ஜாடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் திரவத்தை ஊற்றி, டைட்டானியத்தையும் அலுமினியத்தையும் கலந்து, எத்திலீனைக் குமிழ் குமிழாக உள்ளே விட்டார். அழுத்தம் இல்லை, வெளியிலிருந்து அடுப்பும் இல்லை. சிறிது நேரத்தில் திரவம் கஞ்சி போலக் கெட்டியானது. எடுத்துக் கழுவினால் பாலித்தீன்!

ஆயிரம் மடங்கு அழுத்தம் கேட்ட வேலையை ஒரு கண்ணாடி ஜாடி செய்துவிட்டது. அந்தப் பாலித்தீனின் சங்கிலிகளும் கிளையில்லாமல் நேராக இருந்தன. சோளத்தட்டுக் கட்டைப் போல நெருங்கி நின்றன. பழைய பாலித்தீனைவிட உறுதியாக, சூட்டை அதிகம் தாங்குவதாக இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் சீக்லர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

ஆட்டுக்கல்லும் குழவியும்

அந்த ஜாடிக்குள் என்னதான் நடந்தது?

அலுமினியச் சேர்மம் தனியாக இருந்தால் குட்டைச் சங்கிலிதான். டைட்டானியச் சேர்மம் தனியாக இருந்தால் எத்திலீனை ஏறெடுத்தும் பார்க்காது. இரண்டும் சேர்ந்தால்தான் அதிசயம்.

அலுமினியம் தன்னிடம் உள்ள கரித் துண்டு ஒன்றை டைட்டானியத்துக்குக் கொடுக்கிறது. அதுதான் சங்கிலியின் முதல் கண்ணி. டைட்டானிய அணுவின் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கும். அங்கே ஓர் எத்திலீன் வந்து உட்காரும். உட்கார்ந்ததும் டைட்டானியத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே புகுந்துகொள்ளும். மறுபடியும் இடம் காலி. அடுத்த எத்திலீன் வரும். நம் தலைமுடி நுனியில் வளர்வதில்லை, வேரில்தானே வளர்கிறது? இந்தச் சங்கிலியும் அப்படித்தான், டைட்டானியம் இருக்கும் வேர்ப்பக்கத்தில் வளர்கிறது. அதனால்தான் நடுவில் கிளை முளைப்பதில்லை.

ஆட்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். கல் மட்டும் இருந்தால் மாவு அரையுமா? குழவி மட்டும் இருந்தால் அரையுமா? இரண்டும் சேர்ந்தால் படி படியாக அரைக்கலாம். அரைத்து முடித்த பின் கல்லும் குழவியும் அப்படியே இருக்கும். அடுத்த ஈடு போடலாம். தான் தீர்ந்துபோகாமல் வேலையை நடத்திக் கொடுக்கும் இப்படிப்பட்ட பொருளுக்குத்தான் வினையூக்கி என்று பெயர்.

நம் மண்ணில் இந்த உலோகங்கள் இருக்கின்றனவா என்று கேட்கிறீர்களா? இருக்கின்றன! ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் முன்பு பாக்சைட் கல்லை வெட்டி எடுத்தார்கள். மேட்டூர் ஆலையில் அதிலிருந்துதான் அலுமினியம் எடுத்தார்கள். டைட்டானியமோ கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் இருக்கிறது. பின்னாளில் இந்த இரண்டு கூட்டாளிகளோடு மூன்றாவதாக மேக்னீசியமும் சேர்ந்தது. டைட்டானியத்தை மேக்னீசியம் குளோரைடின் மேல் பரப்பி வைத்தால் வேகம் பல மடங்கு கூடுகிறது. ஒரு கிராம் டைட்டானியத்தைக் கொண்டு ஒரு டன்னுக்கும் மேல் பிளாஸ்டிக் செய்ய முடிகிறது. சேலத்தில் மாமாங்கம் பக்கம் போனால் வெள்ளை வெளேரென்று தெரியும் மேக்னசைட் கல்லில் இருப்பதும் இதே மேக்னீசியம்தான்.

மிலான் நகரத்து நண்பர்

இத்தாலியில் மிலான் நகரத்தில் ஜூலியோ நட்டா என்று ஒரு பேராசிரியர். சீக்லரைவிட நான்கு வயது இளையவர். 1952இல் சீக்லரின் சொற்பொழிவைக் கேட்டு வியந்தார். அவர் ஆலோசகராக இருந்த மோன்டெகாட்டினி என்ற கம்பெனி சீக்லரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. இத்தாலிய இளைஞர்கள் முல்ஹைமுக்கே வந்து வேலை கற்றுக்கொண்டார்கள்.

டைட்டானியம், அலுமினியம் கூட்டைப் பற்றித் தெரிந்ததும் நட்டா அதைப் புரோப்பிலீன் என்ற வாயுவில் போட்டுப் பார்த்தார். 1954 மார்ச் 11ஆம் தேதி பாலிபுரோப்பிலீன் கிடைத்தது. புரோப்பிலீனில் ஒரு கரி அணு பக்கவாட்டில் கை போல நீட்டிக்கொண்டிருக்கும். காலை வழிபாட்டில் வரிசையில் நிற்கும் மாணவர்கள் எல்லாரும் பையை வலது தோளிலேயே மாட்டியிருந்தால் வரிசை எவ்வளவு அழகாக இருக்கும்! நட்டா செய்த சங்கிலியிலும் எல்லாக் கைகளும் ஒரே பக்கம் இருந்தன. அந்த ஒழுங்கினால்தான் பாலிபுரோப்பிலீன் கொதிநீரையும் தாங்குகிறது. நமக்கு ஊசி போடும் சிரிஞ்சும், மூட்டை கட்டும் வெள்ளைச் சாக்கும் பெரும்பாலும் அதில்தான் செய்யப்படுகின்றன.

ஆனால் இந்த நல்ல சேதி சீக்லரின் மனத்தைப் புண்படுத்தியது. அவருடைய கூடத்திலும் புரோப்பிலீன் சோதனை நடந்துகொண்டிருந்தது. அவர்கள் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கும் முன்பே இத்தாலியர்கள் விண்ணப்பித்துவிட்டார்கள். நம்பிக் கற்றுக்கொடுத்த இடத்திலிருந்து இப்படி நடந்துவிட்டதே என்று சீக்லர் வருந்தினார். நண்பர்களாக இருந்த இருவருக்கும் நடுவே பல ஆண்டுகள் மனக்கசப்பு. காப்புரிமை வழக்குகளும் நீண்டுகொண்டே போயின. அமெரிக்காவிலோ, பிலிப்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஹோகன், பாங்க்ஸ் என்ற இருவர் 1951லேயே குரோமியத்தைக் கொண்டு கெட்டியான பாலிபுரோப்பிலீன் செய்திருந்தார்கள். அந்த நாட்டு வழக்கு 1980களில்தான் அவர்கள் பக்கம் முடிந்தது.

பாருங்கள் குழந்தைகளே, இரண்டு உலோகங்களைக் கைகோக்க வைத்த மனிதர்களுக்குத் தங்களுக்குள் கைகோப்பது எவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது!

ஆனாலும் உலகம் இருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. 1963ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு சீக்லர், நட்டா இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. அப்போது நட்டாவுக்கு நடுக்குவாத நோய். மகனின் துணையோடுதான் மேடைக்கு வந்தார். ஸ்டாக்ஹோம் நகர மேடையில் இருவரும் பரிசு பெற்றார்கள். இன்று எந்த நாட்டுப் பாடநூலைத் திறந்தாலும் அந்த வினையூக்கிக்குப் பெயர் சீக்லர் - நட்டாதான். நடுவில் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான் இடைவெளி!

பணம் வந்த பிறகு

காப்புரிமையால் சீக்லருக்குப் பெரும்பணம் வந்தது. அதில் ஒரு பகுதியாகச் சுமார் 4 கோடி ஜெர்மன் மார்க் கொண்டு ஒரு நிதியம் ஏற்படுத்தினார். தாம் வேலை பார்த்த அதே ஆராய்ச்சி நிலையத்தில் இளைஞர்கள் தொடர்ந்து ஆராய அது உதவியது. அவரும் மரியாவும் நல்ல ஓவியங்களை வாங்கிச் சேர்ப்பார்கள். அந்த ஓவியங்களும் பிற்பாடு முல்ஹைம் நகரக் கலைக்கூடத்துக்கே வந்து சேர்ந்தன.

அவருக்கு இன்னொரு பைத்தியம், சூரிய கிரகணம் பார்ப்பது! கிரகணம் எங்கே நன்றாகத் தெரியுமோ அங்கே கப்பலோ விமானமோ ஏற்பாடு செய்துகொண்டு போய்விடுவார். 1972இல் பேரனோடு கப்பலில் கிரகணம் பார்க்கப் போனபோதுதான் உடல்நலம் குன்றியது. அடுத்த ஆண்டு, 1973 ஆகஸ்டில், முல்ஹைமில் காலமானார். இயற்பியல் புத்தகத்தைக் கதைப்புத்தகமாகப் படித்த பையன், 73 வயதிலும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அழியாத சங்கிலி

கதை இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஆசிரியராக இருந்தவன் பாதி உண்மையைச் சொல்லி நிறுத்தக் கூடாது.

சீக்லரும் நட்டாவும் சங்கிலியை வலுவாகச் செய்தார்கள். வலு என்பதால் அது மக்குவதில்லை. இன்று உலகில் பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் சேர்ந்து ஆண்டுக்கு 15 கோடி டன்னுக்கும் மேல் தயாராகின்றன. பத்து ஆண்டு உழைக்கும் குடமும் அதில்தான். பத்து நிமிடத்தில் தூக்கி எறியும் பையும் அதில்தான். எறிந்த பை சாக்கடையை அடைக்கிறது. மாடு தின்று வயிறு உப்பிச் சாகிறது. திருமணிமுத்தாற்றின் கரையில் நின்று பார்த்தால் ஓடிவரும் குப்பையில் பாதி பிளாஸ்டிக்போலத் தோன்றும்.

இது அந்த வேதியியல் அறிஞரின் குற்றமா, நம் குற்றமா? கத்தியைச் செய்தவர் காய் நறுக்கத்தான் செய்தார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1ஆம் தேதி முதல், ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை போட்டார்கள். 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. ஆனால் சட்டம் மட்டும் போதாது. கடைக்குப் போகும்போது பை எடுத்துப் போக மறக்காத கை வேண்டும். அந்தக் கை உங்களுடையதாக இருக்கட்டும்.

அந்த நீளச் சங்கிலியைக் குறைந்த செலவில், கெடுதல் இல்லாமல் மறுபடி துண்டு துண்டாக அறுக்க ஒரு நல்ல வினையூக்கி வேண்டும். பல நாடுகளில் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சங்கிலியை வளர்க்கும் வழிகூட, சங்கிலியை வெட்டிய ஒரு துளி நிக்கலைத் துருவியபோதுதானே கிடைத்தது? வெட்டும் வழியும் ஒருநாள் கிடைக்கும். அதைக் கண்டுபிடிப்பவர் எடப்பாடியிலோ, ராசிபுரத்திலோ, திருச்செங்கோட்டிலோ இன்று ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

தண்ணீர் பாட்டிலின் மூடியையும், அதே பாட்டிலின் உடல் பகுதியிலிருந்து பெரியவர் துணையோடு வெட்டிய ஒரு சிறு துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியிலிருந்தும் ஒரு சிறு துண்டு வெட்டுங்கள். இரண்டு துண்டுகளையும் ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி ஒட்டாமல் விரலால் அமுக்கி விடுங்கள். பாட்டில் துண்டு மூழ்கும். மூடித் துண்டு மேலே வந்து மிதக்கும். பாட்டில் செய்யும் பிளாஸ்டிக் வேறு. மூடி, பாலித்தீனிலோ பாலிபுரோப்பிலீனிலோ செய்தது. அந்த இரண்டும் தண்ணீரைவிட லேசானவை.

அடுத்து, டப்பா, ஷாம்பு புட்டி, வாளி ஆகியவற்றைக் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் அது கிளையில்லாத கெட்டிப் பாலித்தீன். 5 என்று இருந்தால் பாலிபுரோப்பிலீன். எத்தனை 2, எத்தனை 5 என்று நோட்டில் எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை உங்கள் சோதனையோ கணக்கோ தவறாக வந்தால், உடனே அழித்துவிடாதீர்கள். எங்கே தவறியது என்று ஒரு நிமிடம் துருவிப் பாருங்கள். உங்கள் பாத்திரத்திலும் ஒரு துளி நிக்கல் ஒட்டிக்கொண்டிருக்கலாம்!